கடக்கர மணல் வளவுல மரக்கறிப் பாத்தி

எங்கட மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வளவெல்லாம் மணல்தானே, காலையில ஊத்துற தண்ணி மத்தியானம் இரிக்காது, மாரி வந்தா கத்தரியும் கொச்சிக்காக்கண்டும் வெள்ளத்துல அழுகிப் போயிடும். ரெண்டுக்கும் உயரப் பாத்திதான் சரி.

வெயில் ஆறு மணித்தியாலமாவது விழுற இடமாப் பாருங்க. 8 அடி நீளம் 4 அடி அகலம், அதுக்கு மேல அகலம் வேணாம், நடுவுக்குக் கை எட்டாது, உள்ள மிதிச்சா மண் இறுகிடும். சுத்திவர பிளக் கல்லோ தென்னங்குத்தியோ 1 அடி உயரத்துக்கு வைங்க, குத்தி நாலஞ்சு வருசத்துல உக்கும், பரவாயில்ல.

முக்கியம் அடிப்பகுதிதான். தேங்காப் பொச்சுமட்டைய அதுட குழிஞ்ச பக்கம் மேல பாக்குற மாதிரி நெருக்கி அடுக்குங்க, அது தண்ணியப் பிடிச்சி வச்சி வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கும், அதுக்கு மேல கிளிசரியா (சீமைக்கிளுவை) இலை, பிறகு மேல்மண் ரெண்டு பங்குக்கு நல்லா உக்கின மாட்டெரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்க. பச்சச் சாணி போட்டுடாதீங்க, கண்டு கருகிடும்!

நனைச்சி ரெண்டு கிழமை விட்டா மண் இறங்கும், திருப்பி நிரப்பிட்டு நடுங்க. மாரி முடிஞ்ச கையோட தை மாசம் தொடங்கினா நல்லம், வைகாசி வெயிலுக்கு மேல கிடுகு கட்டுங்க.