பெட்டியில் 2 டிபி, கணினியில் 1.81 டிபி: அளவு மாற்றும் கணக்கு

எங்கள் குடும்ப வீடியோக்கள் எல்லாம் அண்ணனின் மேக் கணினியில்தான் இருந்தன, அப்பாவின் அறுபதாம் கல்யாணம் உட்பட. மொத்தம் 1.9 டிபி, அதாவது டெராபைட். அவற்றுக்கு நகல் எடுத்து வைக்க 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். என் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால் 1.81 டிபி என்று காட்டியது. 1.9 எப்படி 1.81-க்குள் அடங்கும்? இன்னொரு டிஸ்க் வாங்க, சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பிவிட்டேன். ரோச்சோர் நிலையத்தில் இறங்கியபோதுதான், இரண்டு கணினியும் ஒரே கணக்கில்தான் பேசுகின்றனவா என்ற சந்தேகம் வந்தது. வீடு திரும்பிக் கணக்குப் போட்டேன். அதே கணக்குதான் இது.

முதல் படி: பைட் எண்ணிக்கையைப் பாருங்கள்

விண்டோஸில் டிஸ்க்கின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ். மேக்கில் கெட் இன்ஃபோ. டிபி, ஜிபி எதையும் நம்ப வேண்டாம். முழு பைட் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். என் டிஸ்க்கில் 2,000,000,000,000-க்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அதாவது இரண்டு லட்சம் கோடி. பெட்டியில் போட்டிருந்தது சரிதான்.

இரண்டாம் படி: எதால் வகுப்பது?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறார்கள். ஒரு எம்பி பத்து லட்சம் பைட், ஒரு ஜிபி நூறு கோடி, ஒரு டிபி லட்சம் கோடி. மேக்கும் 2009-இலிருந்து இதே வழிதான். விண்டோஸ் மட்டும் ஒவ்வொரு படிக்கும் 1024-ஆல் வகுக்கிறது. அப்படி வரும் அளவுக்கு டெபிபைட் என்று 1998-இலேயே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் அதையும் டிபி என்றே எழுதுகிறது. குழப்பம் முழுக்க அதனால்தான்.

2,000,000,000,000-ஐ 1024-ஆல் நான்கு முறை வகுத்துப் பாருங்கள்: 1.819. அண்ணனின் 1.9-ஐயும் அப்படியே வகுத்தால் 1.728. தாராளமாக அடங்கும், அடங்கியது.

ஒவ்வொரு முறையும் வகுக்கத் தேவையில்லை. பெட்டியில் உள்ள டிபியை 0.91-ஆல் பெருக்குங்கள், ஜிபி என்றால் 0.93. புது மடிக்கணினியின் 512 ஜிபி, விண்டோஸில் 476 என்று தெரிவதும் இதனால்தான். எதுவும் காணாமல் போகவில்லை.

கருவி வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருக்கும் கால்குலேட்டர் போதும். அதன் டேட்டா பகுதியில் டெராபைட்டும் டெபிபைட்டும் தனித்தனியாக இருக்கின்றன. எந்தக் கணக்கில் மாற்றுகிறோம் என்று சொல்லாத மாற்றித்தரும் தளங்களை நான் தொடுவதே இல்லை.

மூன்றாம் படி: பிட், பைட்

இது சுலபம். இணைய வேகம் பிட்டில், கோப்பின் அளவு பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வீட்டு இணைப்பு விநாடிக்கு 1 ஜிகாபிட் என்றால் எட்டால் வகுங்கள்: விநாடிக்கு 125 எம்பி. அந்த 1.9 டிபியை இணையத்தில் ஏற்ற, முழு வேகம் கிடைத்தாலும் நாலே கால் மணி நேரம் ஆகும். அதற்கு டிஸ்க்கே மேல்.

பின்சேர்க்கை: பென் டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இது இடப் பிரச்சினை இல்லை. அந்த டிரைவ், கோப்புகளைப் பதிந்து வைக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் இருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. 1024 கணக்கில் 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், மேக்கிலும் விண்டோஸிலும் எழுதலாம். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.