லேத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஓட்டும்போது இன்சர்ட் எப்படிப் போகிறது? லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்க்கலாம்

பெங்களூரு பீன்யாவில், எங்கள் லேத் ஷாப்பில் புதிதாகச் சேரும் பையன்கள் முதல் வாரமே வந்து நிற்பார்கள்: "அண்ணா, இன்சர்ட் போயிருச்சு, வேற குடுங்க." இன்சர்ட் என்றால் டூலின் நுனியில் மாட்டும், மாற்றக்கூடிய சின்ன வெட்டுத் துண்டு. அது எப்படிப் போனது என்று கேட்டால் முழிப்பார்கள். 304 என்கிற எஸ்.எஸ். ரகத்தை ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படி 1. கழற்றும் முன்பே, வெட்டிய மூலையில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். சி.என்.எம்.ஜி. 120408 ரக இன்சர்ட்டில் வெட்டும் மூலைகள் நான்கு. கையில் உருட்டிவிட்டால் எது எதுவென்று தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் போதும். கோட்டிங் சில மைக்ரான் தடிமன்தான், கம்பி பிரஷ் வேண்டாம்.

படி 2. பத்து மடங்கு லூப்பில் முனையின் பக்கவாட்டைப் பாருங்கள். கோட்டிங் தேய்ந்து, கார்பைடு சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும். பட்டை சீராக இருந்தால் கவலையில்லை. அகலம் 0.3 மி.மீ. ஆனதும் மூலையைத் திருப்புவது பொதுவான கணக்கு. அந்த அகலம் சீக்கிரமே வந்துவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

படி 3. எஸ்.எஸ்ஸின் வில்லங்கம் இங்கேதான். 2 மி.மீ. ஆழம் வெட்டினால், முனையிலிருந்து ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி விளிம்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதுதான் நாட்ச். 304 வெட்ட வெட்ட இறுகும். முந்தைய பாஸ் (ஒருமுறை ஓடும் வெட்டு) விட்டுப்போன தோல் உள்ளிருப்பதைவிடக் கடினம். எல்லா பாஸும் ஒரே ஆழம் என்றால், அந்தத் தோல் விளிம்பில் ஒரே இடத்தையே அறுக்கும். 2, 1.7, 1.4 என்று ஆழத்தை மாற்றுங்கள். பயந்துபோய் ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) 0.05 மி.மீ.க்கு இறக்குகிறவர்கள் உண்டு. அப்போது இன்சர்ட் வெட்டாமல் தேய்க்கும், தோல் இன்னும் இறுகும், ஜாபில் (வெட்டும் பொருளில்) பிசிறும் கூடும்.

படி 4. முனையில் பளபளவென்று உலோகம் ஒட்டியிருக்கிறதா? நகத்தால் நெம்பாதீர்கள், பிய்யும்போது கோட்டிங்கையும் பெயர்த்துக்கொண்டு வரும். பெரும்பாலும் வேகம் போதாததுதான் காரணம். நிமிடத்துக்கு 80 மீட்டரில் ஒட்டிக்கொண்டே இருந்த ஒரு ஜாபை 130-க்கு ஏற்றினேன், சரியாகிவிட்டது. ஃபேஸிங்கில் (ஜாபின் முகப்பை வெட்டும்போது) ஜி97, அதாவது ஒரே ஆர்.பி.எம்., போட்டிருந்தால், நடுவை நெருங்க நெருங்க வெட்டு வேகம் விழும், வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 போடுங்கள்.

கூலண்ட் விட்டுவிட்டு விழாமல், நேராக முனையில் விழட்டும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

அப்புறம், இன்சர்ட் பெட்டி மூடியில் மூலை எண்ணும் ஜாப் எண்ணிக்கையும் எழுதிவிடுங்கள். அடுத்த ஷிப்ட் செட்டர் கன்னடக்காரர் என்பதால், நாங்கள் நாட்சுக்கு ஒரு சின்னப் பள்ளம் வரைந்துவிடுவோம்.