ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும், ஐ.சி.யு.விலும்: இதயத்தையும் மூச்சையும் கவனித்துக்கொள்வது எப்படி

ஆபரேஷன் என்றதும் எல்லோருடைய பயமும் தியேட்டருக்குள் நடப்பதைப் பற்றித்தான். மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பாரா, நடுவில் இதயம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். ஆனால் நோயாளியை மிக நெருக்கமாகக் கவனிக்கும் நேரமே அதுதான், ஒவ்வொரு துடிப்பையும் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே ஒரு மயக்கவியல் டாக்டர் இருப்பார். இதயமும் நுரையீரலும் தகராறு செய்வது பெரும்பாலும் அதற்கப்புறம், வார்டுக்கு வந்த முதல் சில நாட்களில். அந்த நாட்களில் அவர் பக்கத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது குடும்பத்தில் ஒருவர். அவருடைய இயல்பான மூச்சும் தூக்கமும் பேச்சும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவரும் அவர்தான். அதனால் இதை நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், மயக்கவியல் டாக்டரிடம் பேசுவது

ஆபரேஷனுக்கு முன் அவர் வந்து கேள்வி கேட்பார். "எல்லாம் நார்மல்தான் டாக்டர்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். மாடிப்படி ஏற முடிகிறதா என்று அவர் கேட்பது சும்மா இல்லை. நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறது என்றால், ஆபரேஷன் தரும் சுமையை இதயம் தாங்கும் என்பதற்கு அது ஓரளவு நல்ல அடையாளம். பாதியில் நின்று மூச்சு வாங்குகிறது என்றால் அப்படியே சொல்லுங்கள். முட்டிவலியால் படியே ஏறுவதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஏறிப் பார்க்காதவருக்கு மூச்சு வாங்குமா வாங்காதா என்பது யாருக்கும் தெரியாது. எக்கோதான் (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம், எக்கோ காட்டுவது சும்மா படுத்திருக்கும்போது இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை.

குறட்டையைப் பற்றி நோயாளியைக் கேட்காதீர்கள், பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கத்தில் சில நொடிகள் மூச்சு நின்று, அப்புறம் திணறிக்கொண்டு எழுகிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா? அப்படி இருப்பவருக்கு மயக்க மருந்தும் பலமான வலி மருந்தும் சேர்ந்தால் தொண்டை இன்னும் எளிதாக அடைத்துக்கொள்ளும். இதற்காக, தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை வீட்டில் வைத்திருந்தால் அதையும் மாஸ்க்கையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் ஆபரேஷன் அன்று காலையிலும் அதை விடக் கூடாது.

ஒரு வாரம் முன்பு சளி, காய்ச்சல், இருமல் இருந்ததா, அதையும் சொல்லுங்கள். ஆள் தேறிவிட்டாலும் மூச்சுக்குழாய் இன்னும் சில வாரங்களுக்குச் சுலபத்தில் இறுகக்கூடிய நிலையிலேயே இருக்கும், குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். தேதி தள்ளிப்போகுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தள்ளிப்போடக் கூடிய ஆபரேஷன் என்றால் தள்ளிப்போவதே நல்லது. அப்புறம், ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் உடம்பு கொதித்ததா, ஆபரேஷன் முடிந்தும் வெகுநேரம் மூச்சு திரும்பாமல் இருந்ததா என்று விசாரித்து வையுங்கள். இரண்டுமே பரம்பரையாக வரக்கூடியவை. முன்பே தெரிந்தால் அதற்குக் காரணமான மருந்தைத் தவிர்த்து வேறு வழியில் மயக்கம் கொடுக்க முடியும்.

புகைப்பவர்கள் இன்றே நிறுத்தலாம். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு நிறுத்தினால் சளி கூடி ஆபத்து என்று ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஆதாரம் இல்லை. ஒரு நாள் நிறுத்தினாலே ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பெருமளவு இறங்கிவிடும். நான்கு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் நுரையீரல் சிக்கல்கள் நன்றாகவே குறையும்.

மாத்திரைகள்

பட்டியல் எழுதுவதைவிட, எடுக்கிற எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதே சிறந்தது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது. சில இதய மாத்திரைகளைத் திடீரென்று விட்டாலே ஆபத்து. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அப்படிப்பட்டவை. ஏற்கெனவே எடுப்பவர் அவற்றைத் தொடர வேண்டும். ஆனால் எடுக்காதவருக்கு ஆபரேஷன் அன்று அதிக டோஸில் புதிதாக ஆரம்பிப்பது வேறு கதை: 2008-இல் வெளியான, 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஓர் ஆய்வில் அப்படிச் செய்தபோது மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் இறப்பும் கூடின.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் வைத்த தேதியும் எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை அவசரப்பட்டு நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம், நிறுத்தாமல் போனால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். சர்ஜன், இதய டாக்டர், மயக்கவியல் டாக்டர் மூவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. மூவரும் பேசிக்கொண்டார்களா என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

சர்க்கரை மாத்திரைகளில் இரண்டு வகையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைப் பொதுவாக ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் பட்டினி இருந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு என்று அது வெளிப்படும், சர்க்கரை நார்மலாக இருப்பதால் கவனத்திலிருந்து நழுவியும் போகும். இன்னொன்று செமாகுளுடைட் போன்ற மருந்துகள். இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். எடை குறைக்க எடுக்கிறோம், இது மருந்துக் கணக்கில் வராது என்று நினைத்துச் சொல்லாமல் விடாதீர்கள்.

பட்டினி இருக்கச் சொல்வதும் மூச்சுக்காகத்தான். மயங்கிய நிலையில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். பொதுவான கணக்கு: எளிய உணவும் பாலும் 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெயும் கொழுப்பும் அதிகமான சாப்பாடு என்றால் 8 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் சேராது. உங்கள் டாக்டர் இதைவிட அதிகம் சொன்னால் அதுதான் கணக்கு.

நுரையீரலை முன்பே பழக்குங்கள்

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்ததும் நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும் சிறு காற்றறைகள், நனைந்த பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிக்கொள்கின்றன. முழு மயக்கம் பெறும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இது ஓரளவாவது நடக்கிறது. அப்புறம் வயிற்றில் தையல் வலிக்கிறது என்று மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு, இருமாமல், படுத்தே கிடந்தால் ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும், அங்கே சளி தங்கும், கிருமி வளரும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மேல்வயிற்று ஆபரேஷனுக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு தடவை அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்ததிலேயே நுரையீரல் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன. ஆபரேஷனுக்கு முன் என்பதுதான் இதில் முக்கியம். வலியோடும் மயக்கக் கலக்கத்தோடும் இருப்பவரிடம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் அவரால் முடியாது.

செய்முறை இதுதான். நிமிர்ந்து உட்காருங்கள், முடியாவிட்டால் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்காருங்கள். மூக்கு வழியாக மெதுவாக, விலாவின் அடிப்பகுதி விரிவது கைக்குத் தெரியும்வரை மூச்சை இழுங்கள். மூன்று நான்கு நொடி பிடித்து, மெதுவாக விடுங்கள். பத்து தடவை. அப்புறம் தலையணை ஒன்றைத் தையல்மேல் அணைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை வலுவாக இருமுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதைச் செய்ய வேண்டும். மூச்சுப் பயிற்சிக்கான, பந்து வைத்த ஸ்பைரோமீட்டர் கருவி கொடுத்திருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், மெதுவாக. பந்து சட்டென்று மேலே எகிறுவதில் பயனில்லை, தூக்கிய பந்து சில நொடி அங்கேயே நிற்பதில்தான் பயன். வலியால் முடியவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளாமல் வலி மருந்து கேளுங்கள், வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு விட முடியும். டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து, நடக்க ஆரம்பிக்க வேண்டும்.

வார்டில் கூட இருப்பவர் செய்ய வேண்டியது

மூச்சை எண்ணுங்கள். அவருக்குத் தெரியாமல், போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-க்கு மேல் போனாலோ 8-க்குக் கீழே இறங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். நேற்று 16 இருந்தது இன்று 24 என்றாலும் சொல்ல வேண்டும். நிலைமை மோசமாகப் போகிறவர்களில் பலருக்கு முதலில் மாறுவது இந்த எண்தான், ஆனால் ஒழுங்காக எண்ணப்படாததும் இதுதான்.

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது ஆக்சிஜனை மட்டும் சொல்கிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு ஏழு என்று குறைந்திருந்தாலும் எண் நன்றாகவே காட்டக்கூடும். நகப்பூச்சு, குளிர்ந்த விரல், விரலின் அசைவு எல்லாம் அதைத் தடுமாற வைக்கும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டவும் வாய்ப்பு உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவருக்கு 88 முதல் 92 வரை போதும் என்று டாக்டர் வைத்திருக்கலாம், குறைவாக இருக்கிறதே என்று நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள்.

மார்ஃபின், ஃபென்டானில் போன்ற பலமான வலி மருந்து கொடுத்திருந்தால் தூக்கத்தைக் கவனியுங்கள். கூப்பிட்டால் கண் திறந்து, வாக்கியம் முடிவதற்குள் மறுபடி மூடிக்கொள்வது, புதிதாகக் கனமான குறட்டை, குறட்டைக்கு நடுவே நீண்ட இடைவெளி: இதை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தட்டி எழுப்புங்கள், மூச்சு விடச் சொல்லுங்கள், அப்படியே நர்ஸைக் கூப்பிடுங்கள். இதை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. நோயாளியே பட்டனை அழுத்தி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் வைத்திருந்தால், பாசத்தில்கூட நீங்கள் அதை அழுத்தக் கூடாது. அளவு மீறினால் தூக்கம் வரும், தூங்குகிறவர் பட்டனை அழுத்த மாட்டார். அந்தப் பம்ப்பின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது, வேறொருவர் கை பட்டால் அது போய்விடும்.

இதயத்தைப் பொறுத்தவரை, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மாரடைப்பில் பலருக்கு நெஞ்சுவலியே இருக்காது, வலி மருந்து அதை மறைத்துவிடும். பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். காரணமில்லாத வியர்வை, திடீர் சோர்வு, மூச்சுத்திணறல், குமட்டல், குழப்பமான பேச்சு: எதுவானாலும் சொல்லுங்கள். ரிஸ்க் அதிகம் உள்ளவருக்கு இந்த நாட்களில், இதயத் தசை பாதித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். இதய ஆபரேஷன் முடிந்தவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் துடிப்பு தாறுமாறாக ஓடுவது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் மருந்திலேயே சரியாகிவிடும்.

சொல்லும்போது "ஒரு மாதிரி இருக்கிறார்" என்று சொல்லாமல், "மூச்சு நிமிடத்துக்கு 28, காலையில் 18 இருந்தது, பேச்சு குழறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், ஓடி வருவார்கள். வரவில்லை என்றால் மறுபடி போய்ச் சொல்லுங்கள், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

ஐ.சி.யு.வில் இருந்தால்

மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் பயம்தான் கூடும், அலாரங்களில் பல, கம்பி நழுவியதாலும் இருமியதாலும் வருபவை. ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தெரியும் சராசரி எண் பொதுவாக 65-க்குக் கீழே போகாமல் வைத்திருக்கப் பார்ப்பார்கள், அதற்காகத்தான் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் என்ற மருந்து ஓடும். அந்த மருந்தின் அளவு நாளுக்கு நாள் குறைகிறதா என்று கேட்பது, அந்த நிமிடத்து எண்ணைக் கேட்பதைவிட நிறையச் சொல்லும். வென்டிலேட்டரில் இருப்பவரைப் பற்றியும் இப்படியே கேளுங்கள்: நேற்றைவிட ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறதா, மயக்கத்தைக் குறைத்துத் தானாக மூச்சு விட வைத்துப் பார்த்தீர்களா? இந்தச் சோதனையைத் தினமும் செய்வதுதான் குழாயைச் சீக்கிரம் எடுக்க வழி.

சில காட்சிகள் முன்பே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். தொண்டையில் குழாய் இருக்கும்வரை குரல் வராது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையை மெத்தென்ற பட்டையால் கட்டியிருக்கலாம். நுரையீரல் மிக மோசமாக இருந்தால் குப்புறப் போட்டு வைத்திருப்பார்கள், நாளுக்கு 16 மணி நேரம்கூட. பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் 2013-இல் வெளியான, பெரும்பாலும் பிரான்சில் நடந்த ஆய்வில் இப்படிச் செய்ததில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைப்பதும், வாயைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதும் நிமோனியா வராமலிருக்க. கட்டிலைச் சமமாக இறக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் வேலை: கை கழுவிவிட்டுப் போவது, பேசுவது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் சொல்வது. கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். ஐ.சி.யு.வில் வரும் மனக்குழப்பம் ரொம்பப் பேருக்கு வருகிறது, இல்லாத ஆட்களைப் பார்ப்பார், உங்களைத் திட்டவும் செய்யலாம். வாதாடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, பழகிய குரலில் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரத்த உறைவு ஆபத்து டிஸ்சார்ஜோடு முடிவதில்லை, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரங்கள் நீடிக்கும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயங்கி விழுதல் என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, இரண்டு காலும் வீங்குகிறது, இரண்டு மூன்று நாளில் எடை ஏறுகிறது என்றால் இதயம் திணறுகிறது என்று சந்தேகித்து டாக்டரைப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்தனுப்பியிருந்தால் எத்தனை நாள் என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன் நிறுத்திய மாத்திரைகளில் எதை எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.