லேப்டாப் ஸ்லோ ஆகிவிட்டதா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் விண்டோஸ் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறதா? உடனே புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, கூடவே ஹெச்டிடி (தகடு சுற்றும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்) என்றும் போட்டிருக்கிறது என்றால் பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தகட்டில் ஒவ்வொரு ஃபைலையும் தேடி எடுக்க நேரம் பிடிக்கத்தான் செய்யும். அதைக் கழற்றிவிட்டு 2.5 இன்ச் சாட்டா (இணைப்பு வகையின் பெயர்) எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தகடே இல்லாத வேகமான டிஸ்க் போடுங்கள், அநேகமாக அதே இடத்தில் பொருந்தும், என்னைக் கேட்டால் இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை. ஃபைல்களை முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம், ஆனால் ரேமிலும் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு, டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, பார்த்து வாங்குங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பட்டியலில் (ஆன் செய்ததும் தானே திறக்கும் ப்ரோக்ராம்கள்) தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள்.

அப்புறம் தூசி. காற்று போகும் வழி அடைத்தால் சூடேறி ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பவரை அணைத்து, ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்வதையும் விட்டுவிடுங்கள்.