கேபிள் இல்லாமல் போனிலிருந்து போனுக்குப் பெரிய வீடியோ அனுப்புவது எப்படி

கல்யாண வீட்டில் சித்தி தன் போனில் எடுத்த 3 ஜிபி வீடியோவை என் போனுக்கு மாற்றப் போய் ஒரு மதியமே போனது. சித்திக்கு ப்ளூடூத் தவிர வேறு வழி தெரியாது. அது நடைமுறையில் நொடிக்கு 200 கேபி அளவுக்குத்தான் தள்ளும், கணக்குப் போட்டால் நாலு மணி நேரம், பாதியில் யாராவது போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோவைச் சுருக்கித் தரத்தைக் கெடுத்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பலாம் என்றால் 2 ஜிபியோடு கதவு மூடிவிடும். "ஷேர்இட் போடேன்" என்றார் மாமா. அதை 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஒன்றாகத் தூக்கிவிட்டார்கள் என்பது அவருக்கு இன்னும் எட்டவில்லை.

இரண்டுமே ஆண்ட்ராய்டு என்றால் புதிதாக எதையும் இறக்க வேண்டாம். கூகுளின் நியர்பை ஷேர் 2024 தொடக்கத்தில் சாம்சங்கின் க்விக் ஷேரோடு ஒன்றாகி, இப்போது க்விக் ஷேர் என்ற ஒரே பெயரில் பெரும்பாலான போன்களில் இருக்கிறது. இரண்டு போனிலும் ப்ளூடூத், வைஃபை, லொகேஷன் மூன்றையும் ஆன் செய்யுங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தேடுவதற்குத்தான் ப்ளூடூத், சுமையைத் தூக்குவது வைஃபை, அதனால் "ப்ளூடூத்தான் இருக்கே, வைஃபை எதற்கு" என்று அணைத்து வைக்காதீர்கள். நெட் இணைப்பு தேவையில்லை.

அப்புறம்தான் முக்கியமான இடம். முக்கால்வாசிப் பேர் சிக்குவது அனுப்பும் போனில் இல்லை, வாங்கும் போனில். மேலிருந்து இழுத்தால் வரும் கட்டங்களில் க்விக் ஷேரை அழுத்தி, யார் அனுப்பலாம் என்பதை 'எவ்ரிஒன்' என்று மாற்ற வேண்டும். 'காண்டாக்ட்ஸ்' என்று இருந்து, சித்தியின் கூகுள் கணக்கு உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லையென்றால், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் உங்கள் போன் அவர் திரையில் தெரியாது. 'எவ்ரிஒன்' பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், பஸ்ஸில் முகம் தெரியாதவர் எதையாவது தள்ளிவிடக் கூடாதே, அதற்குத்தான். இனி சித்தி போனில் கேலரி, ஷேர், க்விக் ஷேர், உங்கள் போன் பெயர், இங்கே 'அக்செப்ட்'. அவ்வளவுதான்.

இரண்டும் ஐபோன் என்றால் ஏர்டிராப், அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்காது.

ஒன்று ஐபோன், ஒன்று ஆண்ட்ராய்டு என்றால்தான் தகராறு. புதிய பிக்சல் போன்களில் க்விக் ஷேரே ஏர்டிராப்போடு பேசத் தொடங்கிவிட்டது, ஆனால் நம் வீட்டில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? இரண்டு போனிலும் நான் போடுவது லோக்கல்சென்ட் என்ற ஆப். இலவசம், விளம்பரம் கிடையாது, மூலநிரல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது, கணக்குத் தொடங்கச் சொல்லாது. இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஐபோனில் முதல் தடவை திறக்கும்போது 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும், அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் அப்புறம் எந்தப் போனும் தென்படாது. செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் போய் லோக்கல் நெட்வொர்க்கில் மறுபடி ஆன் செய்யுங்கள்.

அனுமதியெல்லாம் சரி, இன்னும் தெரியவில்லையா? விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். லாட்ஜ், மண்டபம், ஆபீஸ் விருந்தினர் வைஃபை என்றால் அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள். அதோடு மல்லுக்கட்டாமல் ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஐபோனை அதில் சேருங்கள். ஹாட்ஸ்பாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் தேர்வு செய்தால் வேகம் நன்றாகக் கூடும். ஹாட்ஸ்பாட் போட்ட போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். கோப்பு நேராகத்தான் போகும், டேட்டா கரையாது, ஆனால் வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் ஐபோன் பின்னால் போட்டோக்களை நெட்டில் ஏற்ற ஆரம்பித்துவிடும், அந்தச் செலவு உங்கள் தலையில்.

முடியும்வரை இரண்டு திரையும் எரியட்டும், ஆப்பை விட்டு வெளியே வராதீர்கள், ஐபோன் பின்னணியில் போன ஆப்பைச் சீக்கிரமே தூங்கவைத்துவிடும். வாங்கும் போனில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். நான் பார்க்காமல் 90 சதவீதத்தில் நின்று, சித்தியை இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.