வாலை எண்ணாமல் கிட்சுனே எழுதுவது

கொழும்பில் நடக்கும் தமிழ்க் கதைக்குள் கிட்சுனே என்னும் ஜப்பானிய மாய நரியைக் கொண்டுவர நினைக்கிறவர்கள் முதலில் வாலைத்தான் எண்ணுகிறார்கள். ஒன்றா, மூன்றா, ஒன்பதா? அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அந்த நரி யாரோடு கட்டுண்டது, எது நடந்தால் அது வீட்டை விட்டுப் போகவேண்டும் என்ற இரண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இந்த இரண்டுக்கும் விடை இல்லாத கதையில் கிட்சுனே வெறும் வேடமாக நின்றுவிடும்.

கட்டு எப்படியிருக்கும் என்பதைப் பழைய கதைகளிலிருந்து படிக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட நிஹொன் ர்யோயிகி என்ற ஜப்பானியக் கதைத் தொகுப்பில், மினோ நாட்டு மனிதன் ஒருவன் வழியில் கண்ட பெண்ணை மணக்கிறான். பிள்ளை பிறந்த அதே சமயத்தில் வீட்டு நாயும் குட்டி போடுகிறது. அந்தக் குட்டிக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அது கடிக்கப் பாய, அவள் பயத்தில் நரியாகி வேலிமேல் ஏறிவிடுகிறாள். கணவன் கல்லெடுக்கவில்லை. நமக்குப் பிள்ளை இருக்கிறது, உன்னை மறக்கமாட்டேன், வந்து தூங்கிவிட்டுப் போ என்கிறான். 'வந்து தூங்கு' என்பதிலிருந்துதான் 'கிட்சுனே' என்ற பெயரே வந்தது என்று அந்தக் கதை சொல்கிறது. மொழியறிஞர்கள் அதை ஏற்கவேண்டியதில்லை. கதை எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.

1734 இல் ஒசாக்காவில் பொம்மலாட்டமாக மேடையேறிய குசுனொஹா கதையில் தாய் நரி பிள்ளையை விட்டுப் போகிறாள். போகுமுன் காகிதக் கதவில் ஒரு பாட்டு எழுதுகிறாள். கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடையில் நடிகர் பிள்ளையைக் கையில் ஏந்தியபடி தூரிகையை வாயால் கவ்வி எழுதிக் காட்டுவார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் பெயர்பெற்ற சோதிடரான அபே நொ செய்மெய் என்கிறது கதை. 1747 இல் வந்த இன்னொரு நாடகத்தில் வரும் நரிக்குக் காதலும் இல்லை, பழியும் இல்லை. தன் தாய் தகப்பனின் தோலில் செய்த மேளத்தைப் பிரிய முடியாமல், வீரன் ஒருவனின் உருவெடுத்து அது அந்த மேளத்தின் பின்னாலேயே திரிகிறது. பெற்றோரை இழந்த பாத்திரம் எழுதுகிறவர்கள் இந்த நரியை அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். காதலி நரிகள் பெருகிப்போன இன்றைய கதைகளில் இதற்குரிய இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

அழிக்கும் நரி வேண்டுமென்றால் தமாமோ நொ மாயே. தோபா பேரரசரின் அரண்மனையில் அழகும் கல்வியும் கொண்டவளாய் இருந்து அவரை நோயில் தள்ளியவள். பிடிபட்டு, நாசு சமவெளியில் கொல்லப்பட்டு, தொட்டால் உயிரெடுக்கும் கல்லானாள். அந்தக் கல் 2022 மார்ச்சில் இரண்டாகப் பிளந்தது. எழுத்தாளருக்கு ஆயத்தமாகக் கிடைத்த தொடக்கம் இது. இன்னொன்றும் உண்டு. அதே ஒன்பது வால் நரி ஜப்பானுக்கு வருமுன் இந்தியாவில் ஓர் இளவரசனுக்கும் சீனாவில் ஓர் அரசனுக்கும் துணைவியாக இருந்தது என்று பழங்கதை சொல்கிறது. ஆகவே உங்கள் நரி கொழும்புத் துறைமுகத்துக்கு எப்படி வந்தது என்று வலிந்து காரணம் தேடத் தேவையில்லை. வழி ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது.

இனி, எங்கே பிழை நேர்கிறது என்று பார்ப்போம்.

முதல் பிழை நம் மொழியிலேயே இருக்கிறது. இலங்கையில் நாம் நரி என்பது குள்ளநரியை. ஜப்பானிய நரி வேறு விலங்கு. அடர்ந்த வால், நுனியில் வெள்ளை, பூனையைப்போல் நெடுங்கண்மணி. அது கூட்டமாக நின்று ஊளையிடாது, இரைக்குத் தனியாகவே போகும். ஜப்பானியருக்கு அதன் குரல் 'கொன் கொன்'. உங்கள் கிட்சுனே வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று ஊளையிட்டால், வாசகர் மனத்தில் வேறொரு விலங்கு எழும்பிவிடும். முதல் தடவை 'கிட்சுனே' என்று எழுதுங்கள், அடுத்த வரியிலேயே வாலையோ நடையையோ காட்டுங்கள், பிறகு 'நரி' என்றே தொடரலாம்.

அடுத்தது மோகினி. வெள்ளைச் சேலை, விரித்த தலைமயிர், நடுச்சாமத்தில் வண்டியை மறிப்பது, இவற்றில் ஒன்று நுழைந்தாலும் கிட்சுனே போய் மோகினிப் பேய் வந்துவிடும். கிட்சுனே செத்தவள் அல்ல. உயிரோடு இருக்கிற, பசிக்கிற, வயது ஏறுகிற விலங்கு. கொரிய நாடகம் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களிடம் ஈரல் தின்னும் ஒன்பது வால் நரி வருகிறது. அது குமிஹோ, கொரியாவுக்குரியது. 1999 இல் தொடங்கிய நருட்டோ என்ற ஜப்பானியப் படக்கதையில் ஒன்பது வால் நரி ஒரு சிறுவனின் உடலுக்குள் பூட்டப்பட்ட பெருஞ்சக்தி. அங்கே அது பொருந்துகிறது. உங்கள் கொழும்புக் கதையில் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நரிப் பெண்ணுக்கு அந்த அளவு வலு கொடுத்தால், அவள் எதற்கு வாடகைக்குப் பயப்படவேண்டும்?

வாலின் கணக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. வயது ஏற ஏற வாலும் கூடும். ஐம்பது வயதில் நரி பெண்ணாக மாறும், நூறில் அழகியாகும், ஆயிரத்தில் வானத்தோடு பேசும் என்கிறது பழைய சீனக் குறிப்பு. வால் ஒன்பதென்றால் அது அந்த ஆயிரத்தையும் கண்டது. அதன் பேச்சில் அவசரம் இருக்கக்கூடாது.

இனாரியையும் நரியையும் ஒன்றாக்காதீர்கள். இனாரி நெல்லுக்குரிய தெய்வம், வெள்ளை நரி அதன் தூதன். 711 இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் நரிச் சிலைகள் சாவி, மணிக்கல், நெற்கதிர், சுருள் என ஏதாவது ஒன்றை வாயில் கவ்வி நிற்கும். மூஞ்சூறைப் பார்த்து யாரும் பிள்ளையார் என்பதில்லையே, அப்படித்தான்.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நம் வாசகருக்கு உடனே நினைவுக்கு வரும். அங்கே மாற்றுகிறவன் சிவன், நரிகளுக்கு அதில் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை. கிட்சுனே தானே விரும்பி மாறுகிறது. இரண்டையும் கலக்காமல் ஒரு பாத்திரத்தின் வாயில் ஒப்பிட்டுப் பேசவிடலாம். நரிக்கொம்பும் அப்படியே. வழக்கில் வெல்ல நரிக்கொம்பு வைத்திருந்தவர்களைப் பற்றிய பேச்சு இங்கே பழையது. கிட்சுனேயிடம் உருண்டையான ஒரு மணிக்கல் உண்டு. அதைக் கைப்பற்றியவரிடம் நரி வாக்குக் கொடுத்தே மீட்கவேண்டும். அந்த மணிக்கல்லை வீட்டுக்காரர் நரிக்கொம்பு என்று நினைத்து அலுமாரியில் பூட்டிவைக்கட்டும். கதை அங்கேயே ஓடத் தொடங்கும்.

கொழும்பு இந்தப் பாத்திரத்துக்கு நன்றாகவே இடம் கொடுக்கும். கிட்சுனேக்குப் பகை நாய், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தெருநாய்க்குக் குறைவில்லை. அதற்குப் பிரியமானது பொரித்த டோஃபு என்ற சோயாக் கட்டி, காலிமுகத்திடலில் இறால் வடை பொரியும் எண்ணெய் மணம் போதும் அவளைத் தடுமாறவைக்க. வெயிலோடு மழை பெய்தால் ஜப்பானில் நரிப் பெண்ணுக்குக் கலியாணம். நமக்குக் காக்காய்க்கும் நரிக்கும் கலியாணம், பக்கத்து வீட்டுச் சிங்களவருக்கும் நரியின் கலியாணம்தான். இரவில் வரிசையாக நகரும் நரித்தீ என்ற மாய வெளிச்சங்களையும் ஜப்பானியர் அதே பெயரால் அழைப்பார்கள். மெரைன் டிரைவில் நின்று கடலைப் பார்த்தால் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சம் அப்படித்தான் தெரியும்.

வெளிப்படும் இடத்துக்கு மூன்று தடயம் போதும். 2,500 சொல் கதையென்றால் முதலாவது முதல் 600 சொல்லுக்குள் வரட்டும், அது சாதாரண விஷயமாகவே தோன்றவேண்டும். நாயிடமிருந்து ஒன்று, சாப்பாட்டிலிருந்து ஒன்று, உடம்பிலிருந்து ஒன்று. உடம்புத் தடயம் கடைசியாக. ஒளிரும் கண்ணைத் தவிருங்கள். தேங்கிய தண்ணீரில் அவள் பிம்பம் நரியாகவே தெரிவது பழைய வழக்கம், மழை பெய்தபின் கொழும்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இப்படி:

கேற்றடியில் கிடந்த நாய் எழும்பி உறுமியது. அவள் வடைப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.
“பிள்ளை, உமக்கு நாய் எண்டால் பயமோ?”
“இல்லை அன்ரி. அதுக்குத்தான் என்னைக் கண்டால் ஆகாது.”
அன்ரி நாயை விரட்டினா. முற்றத்தில் தேங்கிய தண்ணீரை அவள் சுற்றிக்கொண்டு போனாள். சின்னவன் மட்டும் தண்ணீரைக் குனிந்து பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

இதில் நரி என்ற சொல்லே இல்லை. பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, பெரியவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் மிச்சக் கதையை நடத்தவேண்டும். எழுதி முடித்தபின், அவளுக்குப் பதில் ஒரு பேயை வைத்து வாசித்துப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் கட்டு சரியில்லை, முதல் தாளுக்குத் திரும்புங்கள்.

அவள் போகும் காட்சியில் அழுகையைக் குறையுங்கள். குசுனொஹா கதவில் எழுதினாள். உங்கள் அறையில் காகிதக் கதவு இருக்காது, சுவரில் நாட்காட்டி இருக்கும். அவள் போன நாளின் தாளைக் கிழிக்காமல் அதன் பின்பக்கம் எழுதிவைக்கட்டும், சின்னவன் எழுத்துக்கூட்டி வாசிக்கக்கூடிய நாலு சொல்லில்.