நிரல் திறந்திருந்தாலும் காப்புரிமை பூட்டியிருக்கலாம்: கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு

பதிப்புரிமை, எழுதிய நிரலைக் காக்கிறது. காப்புரிமையோ அந்த நிரல் வேலை செய்யும் முறையையே பிடித்துக்கொள்கிறது. அடுத்தவர் நிரலில் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் நீங்களே எழுதியிருந்தாலும், முறை ஒன்றாக இருந்தால் வழக்கு வரலாம்.

முதலில் பட்டியல் போடுங்கள். மொழி, இயக்கச்சூழல், கோப்பு வடிவம், கோடெக் (ஒலியையும் காணொளியையும் சுருக்கி விரிக்கும் நிரல்) என ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் போக்கைத் தீர்மானிப்பவர் யார் என்று எழுதுங்கள். ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர் வரும் இடங்களில்தான் மேற்கொண்டு வேலை.

அடுத்து உரிமம். அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 ஆகிய கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் இரண்டிலும் காப்புரிமை அனுமதி வெளிப்படையாக உண்டு. எம்ஐடி உரிமத்தில் காப்புரிமை என்ற சொல்லே கிடையாது. எந்த உரிமமானாலும் அனுமதி தருவது நிரலைத் தந்தவர்கள் மட்டுமே. வெளியார் கையிலுள்ள காப்புரிமையை அது தடுக்காது.

பலர் சறுக்குவது, காப்புரிமைக்காக வழக்குப் போடமாட்டோம் என்று நிறுவனம் தரும் உறுதிமொழியில்தான். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்குக் கட்டற்ற மாற்றாக எழுதப்பட்ட மோனோ திட்டத்தைப் பாருங்கள். 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தந்த உறுதிமொழி எக்மா என்ற தர அமைப்பின் 334, 335 ஆகிய தரநிலைகளுக்கு, அதாவது சி ஷார்ப் மொழிக்கும் அதன் இயக்கச்சூழலுக்கும் மட்டுமே பொருந்தியது. டாட்நெட்டின் பிற பகுதிகளான ஏஎஸ்பி டாட்நெட் (இணையப் பக்கங்களுக்கானது), ஏடிஓ டாட்நெட் (தரவுத்தளத்துக்கானது), விண்டோஸ் ஃபார்ம்ஸ் (திரைச் சாளரங்களுக்கானது) மூன்றும் அதற்கு வெளியே நின்றன. போதாததற்கு, தரநிலையின் கட்டாயப் பகுதிகள் அனைத்தையும் நிறைவேற்றினால்தான் பாதுகாப்பு என்ற நிபந்தனையும் இருந்தது. பாதி முடிந்த நிலையில் வெளியிடுவது கட்டற்ற மென்பொருளின் இயல்பு. அந்த இயல்போடு நேராக மோதும் நிபந்தனை இது.

ஆகவே உறுதிமொழியைப் படிக்கும்போது கேளுங்கள்: எந்தப் பதிப்புக்கு? அரைகுறைச் செயலாக்கத்துக்கும் செல்லுமா? காப்புரிமை கைமாறினால் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்துமா? எப்போது ரத்தாகும்? படித்த நாளிலேயே அதன் நகலைத் தேதியிட்டுச் சேமியுங்கள்.

யார் தொகுத்து வெளியிடும் கோப்புக்கு அனுமதி என்பதும் முக்கியம். சிஸ்கோ நிறுவனத்தின் காணொளிக் கோடெக்கான ஓப்பன்எச்264-இன் நிரல், பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் சிஸ்கோ காப்புரிமைக் கட்டணம் செலுத்துவது தான் தொகுத்து வழங்கும் இருமக் கோப்புக்கு மட்டும். அதே நிரலை நீங்கள் தொகுத்து வெளியிட்டால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

சந்தேகமான பகுதியைத் தனிக் கூறாகப் பிரித்து, அது இல்லாமலும் மென்பொருள் தொகுக்கப்படுகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானியங்கியாகச் சோதியுங்கள். பிரிவினை ஏட்டில் மட்டும் இருந்தால், தேவைப்படும் நாளில் கழற்ற முடியாது. பயனர் தரவைச் சேமிக்கும் வடிவத்தை மட்டும் ஒருபோதும் இந்தக் கூறிடம் ஒப்படைக்காதீர்கள். நிரலை மாற்றி எழுதிவிடலாம். பயனர்களிடம் சிதறிக் கிடக்கும் கோப்புகளை மாற்ற முடியாது. ஜிஃப் பட வடிவத்தின் எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கமுறைக்கு, அதன் காப்புரிமையை வைத்திருந்த யூனிசிஸ் நிறுவனம் கட்டணம் கேட்டதால்தான் பிஎன்ஜி என்ற மாற்றுப் பட வடிவம் பிறந்தது. ஆனாலும் ஜிஃப் கோப்புகள் மறையவில்லை. அமெரிக்கக் காப்புரிமை காலாவதியாக 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காப்புரிமை ஆவணம் கைக்கு வந்தால் அதன் சுருக்கவுரையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சட்ட எல்லை கோரிக்கைப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே முதலில் சாராக் கோரிக்கைகளை, அதாவது வேறு கோரிக்கையைச் சாராமல் தனித்து நிற்பவற்றைப் படியுங்கள். ஒரு கோரிக்கையிலுள்ள எல்லாக் கூறுகளும் உங்கள் நிரலில் இருந்தால்தான் நேரடி மீறல். காப்புரிமையின் ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். 'இது இன்ன காப்புரிமையை மீறுகிறது' என்று பொதுப் பிழைப் பதிவில் மட்டும் எழுதிவிடாதீர்கள். தெரிந்தே மீறியதாகத் தீர்ப்பானால் அமெரிக்காவில் இழப்பீடு மூன்று மடங்குவரை உயரலாம். அந்தப் பேச்சை வழக்கறிஞரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.